எளியோர் கைக்கு வந்த கடிகாரம்



நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு நிற்கும் எவரும் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்க்கும் பொருள் ஒன்று உண்டு. ஐந்து வக்துகளின் ஜமாஅத் நேரத்தையும் ஜும்ஆ நேரத்தையும் சிறுசிறு கடிகார வட்டங்களாகக் காட்டும் சுவர்ப்பலகையே அது. அதன் முட்கள் தாமாக நகர்வதில்லை. பருவம் மாறும்போது மோதினார் கையால் திருப்பி வைப்பார். அதன் அருகே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்துத் தம் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட பெரியவர்களை நம்மில் பலர் சிறுவயதில் கண்டிருக்கிறோம். சாவியை இழுத்து, முள்ளை நகர்த்தி, காதருகே வைத்து ஓசையைக் கேட்டுவிட்டு அவர்கள் ஸஃப்பில் போய் நிற்பார்கள்.

அந்தக் கைக்கடிகாரம் விலையுயர்ந்ததாக இருந்ததில்லை. ஒரு எச்.எம்.டி.யாகவோ சபுராளி ஒருவர் கொண்டுவந்த சீக்கோவாகவோ இருந்திருக்கும். ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் அது உழைத்தது. இன்று நம் சமுதாயத்தில் கடிகாரம் வேறொரு பொருளாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு இன்ன பெயருள்ள கடிகாரம்தான் போட வேண்டும் என்று பெண் வீட்டாரிடம் சொல்லாமல் சொல்லும் வழக்கம் பெருகியுள்ளது. இயலாதவர் கடன் படுகிறார். அல்லது 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற பெயரில் விற்கும் போலியை வாங்கி மானத்தைக் காத்துக்கொள்ள முயல்கிறார். இந்நிலையில், மலிவான நல்ல கடிகாரம் எளிய மனிதனின் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற வரலாற்றை நினைவூட்டுவது பயனுள்ளது எனக் கருதுகிறோம்.

வக்தும் கணக்கும்

தொழுகை இறைநம்பிக்கையாளர்கள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பது திருமறையின் நான்காம் அத்தியாயம் கற்பிக்கும் பாடம். செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது எது என்று வினவப்பட்டபோது, உரிய நேரத்தில் தொழும் தொழுகையை நபி (ஸல்) அவர்கள் முதலில் குறிப்பிட்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. எனவே நேரத்தை அறிவது முஸ்லிம்களுக்கு இபாதத்தோடு இணைந்த தேவையாக இருந்தது.

அத்தேவையிலிருந்து ஓர் அறிவுத்துறையே பிறந்தது. மம்லூக் ஆட்சிக் காலத்தில் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் நேரக் கணிப்பாளர் பதவி இருந்தது. டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் அப்பணியை ஆற்றியவர் 14-ஆம் நூற்றாண்டின் பெரும் வானியல் அறிஞர் இப்னு ஷாத்திர். அப்பள்ளியின் மினாராவுக்கென அவர் அமைத்த சூரியக் கடிகாரம் கடிகார வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. அவருக்கு முன்பே, 1206-இல் அல் ஜஸரீ தம் இயந்திர நூலை எழுதி முடித்திருந்தார். யானை வடிவ நீர்க்கடிகாரம் உட்படப் பல கடிகாரங்களின் அமைப்பை அளவுகளோடு விளக்கிய நூல் அது.

பல்சக்கரமும் விசைச்சுருளும் கொண்ட இயந்திரக் கடிகாரத்தை அரபு மொழியில் விரிவாக ஆராய்ந்தவர் தகீயுத்தீன். டமாஸ்கஸில் பிறந்து, நாப்லுஸ் நகரில் இருந்தபோது 1559-ஆம் ஆண்டளவில் அவர் அந்நூலை எழுதினார். எடைக்கல்லால் இயங்கும் கடிகாரங்களையும் விசைச்சுருளால் இயங்குபவற்றையும் அதில் விளக்கினார். பின்னர் இஸ்தான்பூலில் 1577-இல் எழுந்த வானாய்வுக் கூடத்திற்கு அவரே தலைமை ஏற்றார். மூன்று ஆண்டுகளுக்குள் அக்கூடம் இடிக்கப்பட்டது. அறிவு நம்மிடம் இருந்தும் அதைத் தொழிலாக வளர்த்தெடுக்கத் தவறிய வரலாற்றில் அது வேதனையான பக்கம்.

ஐரோப்பாவில் அத்தொழில் வளர்ந்தது. 1675-இல் ஹாலந்து அறிஞர் ஹைகன்ஸ் சமநிலைச் சக்கரத்தோடு மெல்லிய சுருள் கம்பியை இணைத்தார். அதன் பின்னரே, அதுவரை நாள்தோறும் பெரிதும் பிசகிய சட்டைப்பைக் கடிகாரங்கள் சில நிமிடங்களுக்குள் பிழையை அடக்கின. 18-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியச் சந்தைக்கென்றே லண்டனில் கடிகாரங்கள் செய்யப்பட்டன. ஜார்ஜ் பிரையர் போன்றோர் அரபு எழுத்துவடிவ எண்கள் பொறித்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளிட்டு அவற்றை அனுப்பினர். இஸ்தான்பூலின் கலாத்தாப் பகுதியில் ஜெனீவாக் கடிகாரத் தொழிலாளர்கள் குடியிருந்தனர். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோவின் தந்தை அந்நகரில் கடிகாரத் தொழில் செய்தவர்தாம்.

உஸ்மானியர்களின் நேரக் கணக்கு வேறுவிதமானது. மக்ரிபில் சூரியன் மறையும் கணமே அவர்களுக்குப் பன்னிரண்டு மணி. சூரிய மறைவு நாளுக்கு நாள் மாறுவதால் கடிகாரத்தையும் அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. அதற்காகப் பள்ளிவாசல்களை ஒட்டி 'முவக்கித்கானா' என்னும் சிறு கட்டடங்கள் இருந்தன. வழிப்போக்கர்கள் அங்கு நின்று தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு போவார்கள். 1926-இல் துருக்கி இன்றைய மணிக்கணக்கிற்கு மாறும்வரை இந்நிலை நீடித்தது. நம் பள்ளியில் பெரியவர்கள் சாவியைத் திருப்பிய காட்சிக்கு எவ்வளவு நீண்ட மரபு உண்டு என்பதை இதனால் உணரலாம்.

ஆயினும் அக்காலக் கடிகாரம் பாஷாக்களுக்கும் செல்வந்தர்களுக்கும் உரியது. ஏழைக்குப் பாங்கொலியும் நிழலும்தாம் கடிகாரங்கள்.

தொழிலாளியின் கடிகாரம்

இந்நிலையை மாற்றத் துணிந்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ரோஸ்கோஃப். ஜெர்மனியில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் நகரில் தொழில் செய்தவர். ஓர் உழைப்பாளி இருபது ஃபிராங்கு விலையில் வாங்கக்கூடிய, நம்பத்தக்க கடிகாரத்தைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதற்காக அவர் கடிகாரத்தின் உள்ளமைப்பையே மாற்றினார். நடுச்சக்கரத்தை நீக்கினார், விசைச்சுருள் உருளையைப் பெரிதாக்கினார், மாணிக்கக் கல் பதிக்கும் இடங்களில் எஃகு ஊசிகளைப் பொருத்தினார். நூற்றுக்கும் மேற்பட்டிருந்த பாகங்களை 57 ஆகக் குறைத்தார். பொன் உறைக்குப் பதிலாக மலிவான உலோக உறை போட்டார்.

அழகிய கடிகாரங்களுக்குப் பெயர்பெற்ற அவ்வூர்த் தொழிலுலகம் இம்முயற்சியை உற்சாகமாக வரவேற்கவில்லை. இருந்தும் 1867-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. 'பாட்டாளி' என்னும் பொருள்படும் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பிறகு அந்த அமைப்பைப் பின்பற்றிக் கோடிக்கணக்கான கடிகாரங்கள் உலகெங்கும் செய்யப்பட்டன. அமெரிக்காவில் 1896-இல் இங்கர்சால் நிறுவனம் ஒரு டாலருக்கே சட்டைப்பைக் கடிகாரத்தை விற்றது.

எளியவனுக்கான பொருள் மட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்னும் எண்ணத்தை ரோஸ்கோஃப் ஏற்கவில்லை. தேவையற்றதை நீக்கி, தேவையானதில் தரத்தைக் காத்தார். வீண்விரயமும் கஞ்சத்தனமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே செலவிடுவோரைத் திருமறையின் 25-ஆம் அத்தியாயம் புகழ்கிறது. அந்நடுநிலை ஒரு பொருளின் அமைப்பிலும் இருக்க முடியும் என்பதற்கு இக்கடிகாரம் சான்று.

கிழக்கில் எழுந்த தரம்

டோக்கியோவில் கின்டாரோ ஹட்டோரி என்னும் இளைஞர் 1881-இல் கடிகாரம் விற்கவும் பழுதுபார்க்கவும் ஒரு கடை திறந்தார். 1892-இல் அவர் நிறுவிய 'சீக்கோஷா' தொழிற்கூடமே இன்றைய சீக்கோவின் மூலம். 1913-இல் ஜப்பானின் முதல் கைக்கடிகாரம் அங்கிருந்து வெளிவந்தது. மற்றொரு நிறுவனம் 1924-இல் வெளியிட்ட சட்டைப்பைக் கடிகாரத்திற்கு அந்நகர மேயராக இருந்த ஷிம்பெய் கோட்டோ 'சிட்டிசன்' என்று பெயர் வைத்தார். குடிமக்கள் அனைவருக்கும் கிடைக்கும் பொருளாக அது அமைய வேண்டும் என்ற விருப்பமே அப்பெயரின் பின்னணி.

1963-இல் சீக்கோ 'ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5' என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. அந்த ஐந்து என்பது ஐந்து வாக்குறுதிகள்: கை அசைவாலேயே தானாகச் சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரியும், நீர் புகாது, சாவி நான்கு மணி அருகே உள்ளடங்கியிருக்கும், உறையும் பட்டையும் நீடித்து உழைக்கும். அக்காலத்தில் உயர்விலைக் கடிகாரங்களில் தனித்தனியே கிடைத்த இவ்வசதிகள் ஒரு சாதாரணக் கடிகாரத்தில் ஒருங்கே கிடைத்தன.

1970-களில் வளைகுடா நாடுகளில் எண்ணெய் வளம் பெருகியது. நம் கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்தும் தமிழகத்தின் பிற முஸ்லிம் ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். விடுமுறைக்குத் திரும்பும் சபுராளியின் பெட்டியில் அத்தர், தைலக்குப்பி, டேப் ரெக்கார்டர் ஆகியவற்றோடு ஒரு சீக்கோ 5 கடிகாரமும் இருந்தது. அவற்றில் பலவற்றில் கிழமை வட்டு அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. அரபி தெரிந்தவர் வெள்ளிக்கிழமையன்று 'அல்ஜும்ஆ' என்று அதில் படிப்பார். வாப்பா அனுப்பிய கடிகாரம் பல வீடுகளில் வாப்பாவின் நினைவாகவே இருந்தது. ஆண்டுக்கணக்கில் முகம் காணாத பிரிவை அச்சிறு பொருள் ஓரளவு ஆற்றியது.

இந்தியாவின் எச்.எம்.டி.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் கடிகாரம் பெரும்பாலும் இறக்குமதிப் பொருளே. கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்ததால் கடத்தலும் பெருகியிருந்தது. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். பின்னர் தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் ஆகிய இடங்களிலும் உற்பத்தி நடந்தது.

'ஜனதா', 'பைலட்', 'கோஹினூர்', 'சோனா' போன்ற பெயர்கள் நம் பெற்றோர் தலைமுறைக்கு நன்கு தெரிந்தவை. ஜனதா என்றாலே பொதுமக்கள் என்று பொருள். காலையில் ஒருமுறை சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை ஓடும். சுப்ஹு தொழுதுவிட்டு வந்து சாவி கொடுப்பதைப் பழக்கமாக வைத்திருந்த பெரியவர்கள் பலர். தேர்வில் வென்ற மகனுக்கும் வேலையில் சேர்ந்த மகளுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் எச்.எம்.டி.யே பரிசு.

இந்த உலகத்தைக் குலுக்கியது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ 'அஸ்ட்ரான்' என்னும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதன் விலை 4,50,000 யென். ஒரு சிறிய காரின் விலைக்கு ஈடானது. ஆனால் சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் மிக மலிவானது. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துல்லியத்தோடு விசைச்சுருளால் போட்டியிட இயலவில்லை. 1970-இல் ஏறக்குறைய 90,000 பேர் வேலை செய்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980-களின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர்.

இந்தியாவில் 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைக் கைப்பற்றின. மாற்றத்திற்கு ஈடுகொடுக்க இயலாத எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அச்செய்தி வந்த பின்னரே பலர் பரண்மேல் கிடந்த பழைய ஜனதாவைத் தேடி எடுத்தனர்.

நீர் புகாத தந்திரம்

மலிவான கடிகாரங்களின் வரலாற்றில் தத்தாரிஸ்தானுக்கும் இடமுண்டு. ரஷ்யாவிலுள்ள அந்நிலம் முஸ்லிம் தத்தாரியர்களின் தாயகம். அங்கு காமா நதிக்கரையில் சிஸ்தோபோல் என்னும் ஊர் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை நெருங்கியபோது, 1941-இல் மாஸ்கோவிலிருந்த கடிகாரத் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்கள் அவ்வூருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதிலிருந்து உருவானதே வோஸ்தோக்.

1967-இல் அத்தொழிற்சாலை 'ஆம்ஃபிபியா' என்னும் முக்குளிப்புக் கடிகாரத்தைச் செய்தது. 200 மீட்டர் ஆழத்தைத் தாங்க வேண்டும். ஆனால் மேலைநாட்டு முறைகளைப் பின்பற்றும் வாய்ப்பில்லை. எனவே அதன் வடிவமைப்பாளர்கள் நீரின் அழுத்தத்தையே துணையாக்கினர். தடித்த அக்ரிலிக் கண்ணாடியும் பின்மூடியின் அகன்ற ரப்பர் வளையமும் ஆழம் கூடக்கூட மேலும் இறுகும்படி அமைந்தன. எதிர்த்து வரும் அழுத்தமே அதன் பாதுகாப்பாயிற்று. இன்றும் உலகின் மலிவான முக்குளிப்புக் கடிகாரங்களில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இன்று வாங்குவோருக்கு

வரலாறு இவ்வாறிருக்க, இன்று இயந்திரக் கடிகாரம் தேவையா என்ற கேள்வி எழுவது இயல்பு. மறைக்காமல் சொல்கிறோம்: நேரம் அறிவது மட்டுமே நோக்கம் என்றால் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமே போதும். அது மாதத்திற்குப் பதினைந்து நொடிகள் அளவில்தான் பிசகும். நல்ல மலிவான இயந்திரக் கடிகாரமோ நாளொன்றுக்கே இருபது நொடிகள் பிசகலாம். ஒரு நாளின் 86,400 நொடிகளில் இருபது என்பது 4,320-இல் ஒரு பங்கு. மின்சாரமோ மின்கலமோ இல்லாமல் ஒரு சிறு சுருள் இவ்வளவு நெருங்கி ஓடுவது வியப்புக்குரியதே. எனினும் நோன்பு திறக்கும் நேரத்திற்கும் சஹர் முடிவுக்கும் அதை மட்டும் நம்பாமல் வாரம் ஒருமுறையாவது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? பழுதானால் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடியும் என்பது முதற்காரணம். மின்கலம் மாற்றி எறியும் கழிவு இல்லை என்பது இரண்டாவது. முறையாகப் பேணினால் மகனுக்கும் பேரனுக்கும் செல்லும் என்பது மூன்றாவது. மேலும், நேரம் பார்க்கக் கைப்பேசியை எடுப்பவர் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு அதை வைத்துவிடுவதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம். தொழுகைக்கு முன் கையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பவரின் உள்ளம் சிதறுவதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, உள்ளிருக்கும் இயந்திரம். சீக்கோ, சிட்டிசன், ஓரியண்ட் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் தொடக்கநிலை ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள் பல்லாண்டுகள் சோதிக்கப்பட்ட இயந்திரங்களைக் கொண்டவை. சீக்கோவின் 7எஸ்26 என்னும் இயந்திரம் 1996 முதல் சீக்கோ 5 வரிசையில் பயன்பட்டது. மணிக்கு 21,600 முறை துடிக்கும் அதற்குக் கையால் சாவி கொடுக்க இயலாது, அசைத்தாலே ஓடும். பின்வந்த 4ஆர்36 இயந்திரத்தில் கையால் சாவி கொடுக்கும் வசதியும், நேரம் திருத்தும்போது நொடிமுள்ளை நிறுத்தும் வசதியும் உள்ளன. பெயர் தெரியாத கடிகாரத்தை வாங்குவோர், உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் இயந்திரம் என்று கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, கற்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். உராய்வு மிகும் இடங்களில் தேய்மானத்தைக் குறைக்கவே செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்படுகின்றன. கையால் சாவி கொடுக்கும் சாதாரணக் கடிகாரத்திற்கு 17 கற்கள் போதுமானவை. எண்ணிக்கையைக் கூட்டி விலையை ஏற்றுவது பழைய வணிக உத்தி.

மூன்றாவது, நீர். நாளுக்கு ஐந்துமுறை ஒளு செய்யும் நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியமானது. '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளல்ல. தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே பொருள். பழைய ஜனதா போன்றவற்றை ஹவுளுக்குப் போகுமுன் கழற்றிவிட வேண்டும். நீர் புகாத கடிகாரமாயினும் பட்டையின் அடியில் நீர் சேர வேண்டும் என்பதால் அதைக் கழற்றுவதோ நன்கு தளர்த்தி நகர்த்துவதோ அவசியம். தோல் வார் அடிக்கடி நனைந்தால் நாறிப்போகும். எஃகுப் பட்டையோ ரப்பர் வாரோ நமக்கு ஏற்றது.

நான்காவது, பழைய கடிகாரம் வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பல கடிகாரங்களின் பாகங்களை ஒன்றுசேர்த்து, முகப்பை மறுபடி வண்ணமடித்துப் புதிதுபோல் விற்கும் தொழில் நம் நாட்டில் பெருகியுள்ளது. எச்.எம்.டி.யின் பெயரிலும் அவ்வாறு விற்கப்படுகிறது. பளிச்சென்று மின்னும் முகப்பு, பிசிறடித்த எழுத்து, முகப்புக்குப் பொருந்தாத முட்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மறைத்து விற்ற வணிகரைக் கண்டித்த செய்தி முஸ்லிமில் உள்ளது. குறையைச் சொல்லி விற்பவரிடம் வாங்குவோம். நாம் விற்றாலும் குறையைச் சொல்லியே விற்போம்.

ஐந்தாவது, பராமரிப்புச் செலவு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடிகாரத்தைத் திறந்து கழுவி எண்ணெய் இட வேண்டும். மலிவான கடிகாரத்திற்கு அச்செலவு வாங்கிய விலையை நெருங்கக்கூடும். உங்கள் ஊரில் நல்ல கைத்தேர்ச்சியுள்ள பழுதுபார்ப்பவர் இருக்கிறாரா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் பொருத்திய ஒரு கண்ணாடி ஆகியவற்றோடு கடைத்தெரு மூலையில் அமர்ந்திருக்கும் அவர்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. நாம் கொடுக்கும் சர்வீஸ் வேலை ஒரு ஹலாலான தொழிலைக் காக்கிறது.

பொன்னும் போலியும்

பொன்னும் பட்டும் தம் சமுதாய ஆண்களுக்கு விலக்கப்பட்டவை, பெண்களுக்கு ஆகுமானவை என்பது நபிமொழி. எனவே ஆண்களுக்குப் பொற்கடிகாரம் பரிசளிக்கும் வழக்கத்திற்கு நம்மிடம் இடமில்லை. எஃகுக் கடிகாரம் மலிவானது, நீடித்தது, இச்சிக்கலும் அதில் இல்லை.

போலிக் கடிகாரம் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சென்னைப் பர்மா பஜார் முதல் இணையச் சந்தை வரை புகழ்பெற்ற பெயர்களின் போலிகள் கிடைக்கின்றன. விற்பவரும் வாங்குபவரும் போலி என்று அறிந்தே பரிமாறுவதால் அதில் ஏமாற்று இல்லை எனச் சிலர் வாதிடுகின்றனர். ஆனால் அந்தக் கடிகாரத்தைக் கட்டுவதன் நோக்கமே பார்ப்பவரை ஏமாற்றுவதுதானே? வணிகப் பெயரும் வணிகச் சின்னமும் உரியவரின் சொத்துரிமை. அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988-இல் குவைத்தில் கூடியபோது தீர்மானித்துள்ளது. போலிக்குக் கொடுக்கும் பணத்தில் உண்மையான சீக்கோவையோ சிட்டிசனையோ வாங்கிவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிறர் பெயரைத் தாங்கிய பொய்யைவிட, தன் பெயரைத் தாங்கிய எளிய உண்மை மேலானது.

நல்ல பொருளை விரும்புவது பாவமல்ல. அழகிய ஆடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்றும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். வசதியுள்ளவர் தம் உழைப்பில் விலையுயர்ந்த கடிகாரம் வாங்குவதை நாம் குறைகூறவில்லை. பெண்ணைப் பெற்றவரின் தோளில் அந்தச் சுமையை ஏற்றுவதையும், வட்டித் தவணையில் பகட்டு வாங்குவதையும்தான் தவிர்க்கச் சொல்கிறோம். நிகாஹ் பேசும் சபையிலேயே, 'கடிகாரம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், அவ்வொரு சொல் எத்தனை தந்தையரின் உறக்கத்தைக் காக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ரோஸ்கோஃபின் இருபது ஃபிராங்கு கடிகாரமும் எச்.எம்.டி. ஜனதாவும் சபுராளியின் சீக்கோவும் ஒரே நோக்கத்திற்காகச் செய்யப்பட்டவை. உழைக்கும் மனிதனும் நேரத்தை அறிய வேண்டும் என்பதே அந்நோக்கம். கையில் எவ்வளவு விலையுள்ள கடிகாரம் இருந்தாலும் அஸர் வக்து தவறிப்போனால் அதனால் நமக்கு என்ன பயன்? ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பெரும்பாலோர் நட்டமடையும் இரு அருட்கொடைகள் என நபிமொழி எச்சரிக்கிறது. காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயம் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகத் தெரியும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ வாப்பாவின், அப்பாவின் பழைய கடிகாரம் ஒன்று நின்றுபோய்க் கிடக்கலாம். புதிதொன்று வாங்குமுன் அதை எடுத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள். மீண்டும் ஓடத் தொடங்கினால் பிள்ளையின் கையில் கட்டி, அதைப் பார்த்து வக்து தவறாமல் தொழப் பழக்குங்கள். அதை விட்டுச் சென்றவருக்கு ஒரு துஆவும் செய்யுங்கள்.

நமக்கு எஞ்சியிருக்கும் நேரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.